மேசைக்கு அடியில் அமெரிக்கா

வெடிச் சத்தம் கேட்டதும் மேசைக்கு அடியில் முதலில் போனது ஹூஸ்டனில் இருந்து வந்திருந்த என் தம்பியின் மகள் ஆரபி. எட்டு வயது. அடுத்தது அன்ரனி அண்ணை. அவருக்குப் பின்னால் இவர், அதாவது என் கணவர். கடைசியாக நான், பட்டுச் சேலையோடு, கையில் இருந்த மட்டன் ரோலையும் விடாமல்.

மண்டபம் கனடாவின் மார்க்கம் நகரத்தில். கார் ரயர் கடைக்கும் குளியலறை ஓடு விற்கிற கடைக்கும் நடுவில் இருக்கிறது. வெளியே பார்த்தால் சாமான் அடுக்கும் களஞ்சியம், உள்ளே போனால் இந்திரலோகம். இவருடைய தங்கையின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. பிள்ளையைப் பல்லக்கில் வைத்து, ஜிம்முக்குப் போய் உடம்பு வளர்த்த பெடியங்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு மெசின் புகை கக்கியது. பல்லக்கு வாசலைத் தாண்டிய நேரம், இரண்டு பக்கமும் நட்டு வைத்திருந்த குழாய்களை வெடிக்க வைத்தார்கள். தங்க நிறக் காகிதத் துண்டுகள் மழையாகக் கொட்டின.

காகிதம் கொட்டியதைப் பாதி மண்டபம் பார்க்கவில்லை. ஊரில் பிறந்தவர்கள் எல்லாரும் குனிந்துவிட்டோம். கனடாவில் பிறந்த பிள்ளைகள் மட்டும் நிமிர்ந்து நின்று போனில் படம் எடுத்தார்கள்.

எங்கள் மேசையின் விரிப்பு நிலம் வரைக்கும் தொங்கியது. உள்ளே அரை இருட்டு. இவரும் அன்ரனி அண்ணையும் முழங்காலோடு முழங்கால் முட்டிக்கொண்டு இருந்தார்கள். இரண்டு வருடமாக ஒருவரோடு ஒருவர் ஒரு சொல் கதைக்காத மனிதர்கள். காணி வழக்கா, சம்பந்தம் குழம்பியதா என்று கேட்பீர்கள். இரண்டும் இல்லை. அமெரிக்க அரசியல்.

பேஸ்மென்ற் நாடாளுமன்றம்

பத்திரிகையில் இந்தத் தொடரை நான் எழுதத் தொடங்கியபோது, “என்னைப் பற்றி எழுதினாலும் உண்மையை எழுது” என்று இவர் பெரிய மனதோடு சொன்னார். இப்போது பத்திரிகை வருகிற நாளில் தமிழ்க் கடைக்குத் தானே போய் எடுத்துவந்து, காருக்குள் இருந்து படித்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறார். இந்த வாரமும் அப்படித்தான் படிப்பார். படிக்கட்டும்.

அன்ரனி அண்ணை மன்னார்க்காரர். இவர் யாழ்ப்பாணம். இரண்டு பேரும் ஒரே குளிர்காலத்தில் கனடாவுக்கு வந்து, ஸ்காபரோவில் ஓர் அப்பார்ட்மென்றில் ஒரு அறையில் இருந்து, ஒரே உணவகத்தில் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் கோப்பை கழுவியவர்கள். தெருவில் யாரோ எறிந்த ரீவி ஒன்றைத் தூக்கி வந்து வைத்திருந்தார்கள். அதன் அன்ரெனாவில் தெளிவாக விழுந்தவை ஏரிக்கு அங்கால், அமெரிக்காவில் உள்ள பஃபலோ நகரத்துச் சனல்கள். கனடாச் சனல்களில் எப்போதும் பனி கொட்டியது, செய்தியிலும் சரி திரையிலும் சரி.

ஆகவே இரண்டு பேரும் ஆங்கிலம் படித்தது அமெரிக்கச் செய்தியில். கனடாப் பிரதமர் யாரென்று சரியாகத் தெரிவதற்கு முன்பே அமெரிக்க செனற்றர்களின் சண்டை சச்சரவெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். பஃபலோவில் ஒரு வீடு தீப்பிடித்தால் எங்கள் ஆட்களுக்கு இங்கே சோறு இறங்காது.

பிறகு கல்யாணம், பிள்ளைகள், வீடு. நாங்கள் ஸ்காபரோவில் வீடு வாங்க, அன்ரனி அண்ணை ரூஜ் பக்கம் வாங்கினார். சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டின் நிலக்கீழ் அறையில், பேஸ்மென்றில், சபை கூடும். தேத்தண்ணி நான். இவர் ஜனநாயகக் கட்சி, அன்ரனி அண்ணை குடியரசுக் கட்சி. அமெரிக்காவில் வாக்குரிமை இரண்டு பேருக்கும் கிடையாது. அந்தக் குறையை அவர்கள் ஒரு குறையாகவே நினைத்ததில்லை.

ஒருமுறை எங்கள் தொகுதி நகரசபைத் தேர்தலுக்குப் போட்டியிட்ட ஒரு தமிழ்ப் பிள்ளை கதவைத் தட்டினாள். பஸ் தரிப்பிடத்தை எடுக்கப் போகிறார்கள், வாடகை இப்படி ஏறுகிறது, உங்கள் கருத்தைச் சொல்லுங்கோ என்று கேட்டாள். நான் கீழே போய்ச் சொன்னேன். பென்சில்வேனியாக் கருத்துக்கணிப்பு வந்துகொண்டிருக்கிறதாம், பிறகு வரச் சொன்னார்கள். பென்சில்வேனியாவில் எந்த மாவட்டம் எந்தப் பக்கம் சாயும் என்று இவருக்குத் தெரியும். எங்கள் குப்பை எந்தக் கிழமை எந்தப் பெட்டியில் போகவேண்டும் என்று இன்றைக்கும் என்னிடம்தான் கேட்பார்.

அந்தப் பிள்ளை தோற்றுவிட்டாள். பஸ் தரிப்பிடமும் போய்விட்டது. வாக்குப்போடுகிற நாளில் இவர் போகவில்லை, மழை.

வரியும் இருதயமும்

வரி விசயத்தில் அன்ரனி அண்ணையின் கட்சி எளிமையானது. உழைக்கிறவனிடம் பிடுங்கிச் சும்மா இருக்கிறவனுக்குக் கொடுப்பதுதான் வரி. அதைக் குறைக்கிறவனே தலைவன். இதை அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் சொன்னார். இருதயத்தைத் திறந்து ஒட்டி மூடி, ஒரு சதம் கேட்காமல் வீட்டுக்கு அனுப்ப இருந்தார்கள். வீட்டுக்குப் போவதற்கு முதல் நாள், இரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸிடம், அரசாங்கம் வைத்தியம் பார்ப்பது ஒரு வகை அடிமைத்தனம் என்று விளக்கினார். அந்தப் பிள்ளை அழுத்தம் கூடியிருக்கிறது, கதைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இவர் அதற்கு எதிர். அமெரிக்கக் கோடீஸ்வரர்களைப் பிடித்து உலுக்கவேண்டும், அவர்கள் சரியான வரி கட்டினால் உலகத்தில் பசியே இராது என்பார். ஒரு கோடையில், வீட்டுக்கு முன்னால் கார் விடுகிற எங்கள் ட்ரைவேக்குத் தார் போட வந்தவனிடம், ரசீது வேண்டாம், கையில் காசாகத் தாறன், வரியைக் கழி என்று வாசலில் நின்று பேரம் பேசியதும் இதே மனிதர்தான். நான் ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வந்ததும் கோடீஸ்வரர்களைப் பற்றிக் கேட்டேன். அது வேறு, இது வேறு என்றார்.

வரியில் வந்த சண்டை எதுவும் தேத்தண்ணி ஆறும் வரைக்கும் நிலைத்ததில்லை. பிரித்தது துவக்கு.

துவக்கு

துப்பாக்கி என்று எழுதினால்தான் பத்திரிகைக்கு அழகு. எங்கள் வாயில் அது துவக்கு. சின்ன வயதில் நாங்கள் பயந்தது துவக்குக்கு, துப்பாக்கிக்கு அல்ல.

துவக்கு வைத்திருக்கிற உரிமையைக் கொடுக்கிற, அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் அன்ரனி அண்ணைக்கு விசுவாசப் பிரமாணம் மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். குடிமகன் கையில் துவக்கு இருந்தால் அரசாங்கம் அவனைத் தொடாது என்பது அவர் கட்சி. எங்கட சனத்திட்ட வீட்டுக்கு ஒரு துவக்கு இருந்திருந்தால் எங்களை இப்பிடிக் கலைச்சிருப்பாங்களோ என்று கேட்பார். அவர் கையில் எந்தக் காலத்திலும் துவக்கு இருந்ததில்லை. ரூஜில் கராச்சுக்குள் பூனையிலும் கொஞ்சம் பெரிய றக்கூன் ஒன்று புகுந்த அன்று, கூட்டுகிற தும்புத்தடியோடு மனைவியை அனுப்பிவிட்டுக் காருக்குள் ஏறிப் பூட்டிக்கொண்டவர்.

இவர் அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைச் சுடுவதைச் சொல்லுவார். அன்ரனி அண்ணை, நல்லவன் கையில் துவக்கு இருந்தால் கெட்டவனைத் தடுக்கலாம் என்பார். நல்லவன் யார், கெட்டவன் யார் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதோ என்று இவர் கேட்பார். பதினொரு மணிக்கு வடை வரும். முடிந்துவிடும்.

ஒரு மார்கழி மாதம், எங்கோ ஒரு அமெரிக்கத் தேர்தல் முடிந்த சூட்டில், அது முடியவில்லை. அன்ரனி அண்ணையின் ஆள் வென்றிருந்தார். அன்று அவருக்குக் குரல் உயரமாக இருந்தது. துவக்கு இல்லாத சனம்தான் அகதியாகும் என்று இவரைப் பார்த்து விரல் நீட்டினார். இவர் கோப்பையை வைத்துவிட்டு, குரல் உயர்த்தாமல் கேட்டார்.

“எங்கட ஊரில துவக்கு இல்லாமலோ இருந்தது, அன்ரனி? சந்திக்குச் சந்தி துவக்கோட நிண்டாங்கள். உன்ர தம்பியைச் சுட்டது ஆமியோ?”

அன்ரனி அண்ணையின் தம்பிக்குப் பத்தொன்பது வயது. ஆயுதம் தூக்கிய ஒரு இயக்கத்தில் இருந்து விலகி வீட்டுக்கு வந்தவன். சைக்கிளில் பாண் வாங்கப் போன இடத்தில், இயக்கத்துக்குப் போயிருந்த, கூடப் படித்த பெடியங்களே சந்தியில் வைத்துச் சுட்டார்கள். எங்களுக்கு எல்லாருக்கும் தெரியும். அவர் முன்னால் ஒருவரும் அதைச் சொன்னதில்லை.

அன்ரனி அண்ணை தன் குளிர்க் கோட்டைத் தேடி எடுத்தார். ஒரு கை உள்ளே போகவில்லை. நான் பிடித்துவிட்டேன். “தேத்தண்ணிக்கு நன்றி, தங்கச்சி” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவர் எங்கள் வீட்டில் வடை சாப்பிடவில்லை, அதன்பிறகு இரண்டு வருடம் வரவும் இல்லை.

இவர் மன்னிப்புக் கேட்டாரா? இல்லை. தான் சொன்னது உண்மைதானே என்று எனக்கு விளக்கினார். உண்மை என்றுதான் நானும் சொன்னேன். அதற்காகத்தான் கேட்கவேண்டும் என்றும் சொன்னேன். சனிக்கிழமைகளில் தனியே கீழே போய், ரீவியோடு வாதாடிவிட்டு மேலே வருவார்.

தம்பி மூலம் தூது

மண்டபத்தில் இரண்டு பேரையும் ஒரே மேசையில் போட்டது நான்தான். மச்சாளிடம், இவருடைய தங்கையிடம், சொல்லி ஆசனப் பலகையில் மாற்றி எழுதுவித்தேன். வந்து பார்த்தபோது இரண்டு பேருக்கும் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆனது. எழும்பிப் போனால் ஊர் கதைக்கும். இருந்தார்கள். நடுவில் அகப்பட்டான் என் தம்பி குகன், ஹூஸ்டன்காரன்.

அமெரிக்காவில் இருந்து வந்த உயிருள்ள ஆள் ஒருவன் பக்கத்தில் இருந்தால் விடுவார்களா? துவக்கு வைத்திருக்கிறீரோ என்று அன்ரனி அண்ணை கேட்டார். ஒன்று அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறது, வாங்கிய நாளுக்குப் பிறகு தொட்டதில்லை என்றான் குகன். அன்ரனி அண்ணை வென்றவர் மாதிரிச் சாய்ந்து இருந்தார். அந்த அலுமாரிப் பூட்டைத் திறக்கிற திறப்பு எங்கே கிடக்கிறது என்று கேள் என்று இவர், பக்கத்தில் இருந்த என்னிடம் சொன்னார். குகன் யோசித்தான். தெரியவில்லை என்றான். இப்போது இவர் சாய்ந்து இருந்தார்.

வரிக்குப் போனார்கள். உம்முடைய டெக்சாஸில் மாநில வருமானவரி கிடையாது என்பதை உவருக்குச் சொல்லும் என்றார் அன்ரனி அண்ணை. வீட்டு வரி எவ்வளவு என்று அவரிடம் சொல்லு என்றார் இவர். குகன் ரோலைக் கடிக்க வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வந்தது. கடைசியில் யாருக்கு வாக்குப் போட்டாய் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

கிரீன் காட் மட்டும்தான், குடியுரிமை இல்லை, வாக்குப் போட முடியாது என்றான். மேசையில் இருந்த ஒரே அமெரிக்க வாக்கும் அதோடு கவிழ்ந்தது.

அப்போதுதான் பல்லக்கு வந்தது. குழாய் வெடித்தது. குகன் கதிரைக்குப் பின்னால் குந்திவிட்டான்.

மேசைக்கு அடியில் ஆரபி விரலை வாயில் வைத்து எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். சத்தம் போடக்கூடாது என்று ஆங்கிலத்தில், காற்றாக மட்டும் சொன்னாள். அவள் முகத்தில் பயம் இல்லை. வேலை தெரிந்த ஆள் மாதிரி இருந்தாள். முதுகைச் சுவர்ப் பக்கம் வைத்து, முழங்காலைக் கட்டி, தன்னுடைய சப்பாத்தைக் கழற்றிப் பாவாடைக்குள் ஒளித்தாள். நடந்தால் மின்னுகிற சப்பாத்து. வெளிச்சம் தெரிந்தால் ஆள் இருப்பது தெரிந்துவிடுமாம்.

அன்ரனி அண்ணை அவளிடம் மெல்லமாக, ஆர் பிள்ளை உனக்கு இதெல்லாம் சொல்லித் தந்தது என்று தமிழும் ஆங்கிலமுமாகக் கேட்டார். பள்ளிக்கூடத்தில் என்றாள். துவக்கோடு யாரும் வந்தால் ஒளிவதற்குப் பாலர் வகுப்பில் இருந்தே பழக்குகிறார்களாம். வகுப்பில் மிகவும் அமைதியாக இருக்கிற பிள்ளைக்கு ரீச்சர் பரிசாக, ஒட்டுகிற ஸ்ரிக்கர் ஒன்று கொடுப்பாராம். அவளிடம் நிறைய இருக்கிறதாம்.

வெளியே நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. ஆட்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் நாலு பேரும் அசையவில்லை.

இவர்தான் முதலில் வாய் திறந்தார். எனக்கோ பிள்ளைக்கோ சொல்லவில்லை.

“ஷெல்லுக்கு ஒளிச்சிருந்த எங்களுக்குப் பங்கருக்குள்ள ஒருத்தரும் ஸ்ரிக்கர் தரேல்லை, மச்சான்.”

அன்ரனி அண்ணை சிரிக்கவில்லை. இவருடைய தோளில் கையை வைத்து, ஊன்றிக்கொண்டு வெளியே போனார். வெளியே அவருடைய மகள் ஜெனி நின்றாள். கனடாவில் பிறந்தவள், குனியாத ஆள். அப்பாவின் தலையில் ஒட்டியிருந்த தங்கக் காகிதத்தை ஒன்றொன்றாக எடுத்துவிட்டாள்.

வீடியோக்காரர் பிறகு என் மச்சாளிடம், பல்லக்கு வருகிற கட்டத்தில் பின்னால் சனம் விழுந்து படுக்கிறது, வெட்டவா என்று கேட்டாராம். வெட்டச் சொல்லியிருக்கிறா.

வக்கீல் வைத்து வாதாடியது

இலை உதிர்காலம் வந்தபோது ஜெனியின் புருசனுக்கு டலஸில் வேலை கிடைத்தது. ஐந்து வயதுப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறார்கள். டலஸ் இருப்பது டெக்சாஸில். அன்ரனி அண்ணை இருபது வருடமாகப் பாடிய சொர்க்கம். வரி குறைந்த நாடு, துவக்கு நிறைந்த நாடு.

அந்தச் சனிக்கிழமை எங்கள் கதவு மணி அடித்தது. வாசலில் அவர். கோட்டைக்கூடக் கழற்றாமல் இவரிடம் சொன்னார்.

“நீ நல்லாக் கதைப்பாய். வந்து ஜெனியிட்டச் சொல்லு, அங்க போகவேண்டாம் எண்டு. நீ சொல்லுறதெல்லாத்தையும் சொல்லு. பள்ளிக்கூடக் கதையளையும் சொல்லு.”

இவர் ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்கவில்லை. அதற்காக அன்று எனக்கு இவரை மிகவும் பிடித்தது. காருக்குள் போகும்போது, வாதங்களை மனதுக்குள் அடுக்குகிறார் என்பது உதடு அசைவதில் தெரிந்தது. பிடித்தது கொஞ்சம் குறைந்தது.

ரூஜ் வீட்டில் ஜெனி தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். இவர் தொடங்கினார். நன்றாகத்தான் பேசினார். அன்ரனி அண்ணை ஒவ்வொரு வசனத்துக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டினார். அந்தக் காட்சியைப் பார்க்க எங்கள் பேஸ்மென்ற் சுவர்கள் கொடுத்து வைக்கவில்லை.

ஜெனி கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

“நல்ல ஆக்களிட்டத் துவக்கு இருந்தா பயமில்லை எண்டு நீங்கள்தானே அப்பா சொன்னனீங்கள்? நான் சின்னனில இருந்து கேட்டு வளர்ந்தனான்.”

அன்ரனி அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார். அது கதைக்கிற கதை, இது பேத்தி என்று கடைசியில் சொன்னார்.

“எங்களுக்கு இங்க வீடு வாங்க ஏலாது, அங்கிள்.” இப்போது அவள் இவரைப் பார்த்தாள். “நான் பிறந்த சிற்றியில வரிசையா ஒட்டிக் கட்டின ஒரு ரவுன்ஹவுஸ்கூட வாங்க ஏலாது. உங்கட பேஸ்மென்றில இருபது வருசமா எல்லாம் டிபேற் பண்ணினீங்கள். உதைப் பற்றி ஒரு சனிக்கிழமை கதைச்சனீங்களோ? வோட் போட்டனீங்களோ?”

மழை என்று இவர் சொல்லவில்லை. எனக்கு ஞாபகம் வந்தது. கதவைத் தட்டிய அந்தப் பிள்ளையின் முகம் ஞாபகம் வரவில்லை. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தனக்கும் பயம் என்று ஜெனி பிறகு, கோப்பைகளைக் கழுவும்போது என்னிடம் மட்டும் சொன்னாள். ஆரபி சப்பாத்தை ஒளித்ததை நான் அவளுக்கு மண்டபத்திலேயே சொல்லியிருந்தேன். அவள் மறக்கவில்லை. இருந்தாலும் போனார்கள். கிறிஸ்மஸுக்கு முன்பே வீட்டுச் சாமான் ஏற்றிய லொறி போய்விட்டது.

மறுபடியும் சனிக்கிழமை

அன்ரனி அண்ணை எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். அவருடைய தம்பியைப் பற்றிச் சொன்ன வசனத்துக்கு இவர் மன்னிப்புக் கேட்டாரோ எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் ட்ரைவேயில் நின்று கேட்டிருப்பார், இரண்டு பேரும் ஒருநாள் பனியில் நெடுநேரம் தொப்பி இல்லாமல் நின்றார்கள். நான் இவரிடம் விசாரிக்கவில்லை.

இந்த வருடம் பனி கரைகிற காலம், ஒரு செவ்வாய்க்கிழமை; இப்போது அன்ரனி அண்ணை வேலை நாளிலும் வருவார். நான் தேத்தண்ணித் தட்டோடு கீழே இறங்கினேன். ரீவியில் அமெரிக்கச் செய்தி. ஒரு பள்ளிக்கூடம், மஞ்சள் நாடா, பொலிஸ் வாகனங்கள், பிள்ளைகளைத் தேடி ஓடுகிற தாய்மார். ஊர்ப் பெயர் இன்னும் வரவில்லை. டெக்சாஸ் என்று மட்டும் கீழே ஓடியது.

அன்ரனி அண்ணை எழும்பி நின்றார். கையில் போன். ஜெனி எடுக்கவில்லை, அவள் வேலையில் இருக்கிற நேரம். இவரும் எழும்பி அவருக்குப் பக்கத்தில் நின்றார். தட்டை வைக்க எனக்கு இடம் தெரியவில்லை.

ஊர்ப் பெயர் வந்தது. டலஸ் இல்லை, ஹூஸ்டனும் இல்லை. கேள்விப்படாத ஒரு சின்ன ஊர்.

“அப்பாடா” என்றார் அன்ரனி அண்ணை.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னார் என்று அவருக்குக் கேட்டது போல. திரையில் அந்தத் தாய்மார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, கதிரையில் குந்தினார். முகத்தை நிமிர்த்தவில்லை.

இருபது வருட வாதத்தின் கடைசி வார்த்தை இவர் நாக்கில் தயாராக இருந்தது. எனக்குத் தெரியும், அந்த உதட்டை நான் எத்தனை வருடமாகப் பார்க்கிறேன். இவர் ரிமோற்றை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினார். அன்ரனி அண்ணைக்குப் பக்கத்தில் இருந்தார்.

“டெக்சாஸில மாநில வரி இல்லை எண்டு சொன்னாய். அது எப்பிடி மச்சான்? எனக்கு வடிவா விளங்கேல்லை” என்று கேட்டார்.

அன்ரனி அண்ணை விளக்கத் தொடங்கினார். முதலில் குரல் உடைந்தது, பிறகு பழகிய வாதம் அவரைத் தூக்கிக்கொண்டு போனது. அரைவாசியும் பிழை. வீட்டு வரியை அவர் தொடவே இல்லை. இவர் ஒவ்வொன்றுக்கும், ஓமோ, அப்பிடியோ, நான் பிழையா விளங்கிப்போட்டன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.